திருமேனியிலிருந்து கொடைப்பொருளுக்கு: சிவபுரம் நடராசர் விற்பனையும் அதன் சமூகப் பின்னணியும்

1. முன்னுரை

கலை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஆக்கத்தைப் பற்றியே பேசுவன. எந்த நூற்றாண்டில், எந்த மன்னன் ஆட்சியில், எப்பாணியில் ஒரு படிமம் வார்க்கப்பட்டது என்பதோடு அவற்றின் அக்கறை முடிந்துவிடுகிறது. ஆக்கப்பட்ட பொருள் பின்னர் எவரிடமிருந்து எவருக்குக் கைமாறியது, ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் அதன் பெறுமதி எவ்வாறு பெருகியது, அப்பெருக்கத்தினால் நயமடைந்தோர் யார், இழந்தோர் யார் ஆகிய வினாக்கள் கலை ஆராய்ச்சிக்குப் புறம்பானவையாகவே நீண்ட காலம் கருதப்பட்டு வந்துள்ளன. கலைப்பொருளும் உழைப்பின் விளைபொருளே என்பதையும், குறித்ததொரு சமூக அமைப்பில் அது பண்டமாக மாறுகின்றது என்பதையும் ஏற்றுக்கொள்வோமாயின், இவ்வினாக்கள் ஆராய்ச்சியின் மையத்திற்கே வந்துவிடும்.

கலைப்பொருள் வணிகர், தனியார் சேகரிப்பாளர், நூதனசாலைக் கொடையாளர் என்னும் மூவரும் பொதுவாக வெவ்வேறு மனிதராகவே நமக்கு அறிமுகப்படுத்தப்படுகின்றனர். வணிகர் இலாபம் தேடுபவர், சேகரிப்பாளர் இரசிகர், கொடையாளர் வள்ளல். இம்மூவரும் ஒரே சுற்றோட்டத்தின் மூன்று நிலைகளே என்பதைச் சிவபுரம் நடராசர் படிமத்தின் விற்பனை வரலாற்றைக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். கும்பகோணத்தை அடுத்த ஓர் ஊரின் படிமத்தைப் பற்றி வன்னிப் பெருநிலப்பரப்பில் இருந்துகொண்டு ஆராயவேண்டிய தேவை யாதென்பது இறுதிப் பகுதியிற் புலனாகும்.

2. படிமமும் உபரியும்

சோழர் காலச் செப்புத் திருமேனிகள் பக்தியின் வெளிப்பாடு என்று கூறுவது உண்மையின் ஒரு பகுதியே. அப்பக்திக்கு நிலமும் நெல்லும் அடித்தளமாய் இருந்தன. தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்கள், இராசராசனும் அவன் குடும்பத்தினரும் அதிகாரிகளும் எடுப்பித்த படிமங்களின் உயரத்தையும், அவற்றிற்கு அணிவித்த நகைகளின் நிறையையும் நுணுக்கமாகப் பதிவு செய்துள்ளன. அதே கோயிலுக்கு எவ்வெவ்வூர்களிலிருந்து எவ்வளவு நெல்லும் பொன்னும் வரவேண்டுமென்பதும் அங்கேயே பொறிக்கப்பட்டுள்ளது. அவ்வூர்களுள் ஈழத்து ஊர்களும் சில இருந்தன என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. படிமங்கள் நின்ற அவ்வாலயத்திற்கு நம் நாட்டு உழவரின் விளைச்சலும் சென்றது.

மூலப்பொருளின் கதையும் இவ்வாறானதே. தமிழகத்திற் செப்புக் கனிமம் பேரளவிற் கிடைப்பதில்லை. எனவே அது வணிகத்தினாலோ படையெடுப்பினாலோ வந்திருத்தல் வேண்டும். திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலப் பகுதியின் செப்புப் படிவுகளை ஒரு சாத்தியமான மூலமாக அண்மைக்கால ஆய்வாளர் சிலர் சுட்டியுள்ளனர். இக்கருதுகோள் இன்னும் ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்படவில்லையாயினும், படிமக் கலையைப் பேரரசின் பொருளியலிலிருந்து பிரித்து நோக்கல் இயலாது என்பதை உணர்த்தப் போதுமானது. சோழப் பேரரசுக்கும் சைவ சித்தாந்தத்திற்கும் இடையிலான உறவைப் பேராசிரியர் க. கைலாசபதி ‘பேரரசும் பெருந்தத்துவமும்’ என்ற கட்டுரையில் ஆராய்ந்தார். அதே உறவு உலோகத்தில் உருப்பெற்றதே நடராசர் படிமம் எனலாம்.

ஆயினும் அக்காலத்திற் படிமம் விற்பனைப் பொருளாய் இருக்கவில்லை. அது நிலவுடைமையாளனாகவும், வழக்கில் ஒரு தரப்பாகவும், ஊரின் தலைவனாகவும் கருதப்பட்டது. மெழுகு உருவின்மீது மண் பூசி, சுட்டு, உலோகத்தை உருக்கி ஊற்றி, அச்சை உடைத்து எடுக்கும் முறையில் ஓர் அச்சிலிருந்து ஒரே படிமமே பிறக்கும். அதனை வார்த்த கம்மாளரின் பெயர் பெரும்பாலும் பொறிக்கப்படவில்லை. எடுப்பித்தவரின் பெயரே நின்றது. படையெடுப்பும் அரசியற் குழப்பமும் நேர்ந்த காலங்களில் பல திருமேனிகள் மண்ணுட் புதைக்கப்பட்டன. புதைத்தோர் திரும்பி வந்து எடுக்கவில்லை. பிற்காலத்து வணிகத்தின் ‘சுரங்கம்’ இவ்வாறுதான் உருவாயிற்று.

3. பெறுமதி உருவான விதம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியருக்கு இப்படிமங்கள் விசித்திரப் பொருள்களாகவே தோன்றின. பல கைகளையுடைய உருவங்கள் நுண்கலை என்ற வகைக்குள் அடங்கமாட்டா என்பதே அன்றைய பொதுக் கருத்து. விலை இல்லாத இடத்திற் பெருங்கடத்தலும் இருக்காது. இந்நிலை மாறியது இருபதாம் நூற்றாண்டின் முதலிரு தசாப்தங்களிலாகும்.

இம்மாற்றத்தில் ஈழத்தவர் இருவருக்குப் பங்குண்டு. 1907, 1908ஆம் ஆண்டுகளிற் பொலன்னறுவைச் சிவாலயத்தில் எச். சி. பி. பெல் அகழ்ந்தெடுத்த படிமங்களைப் பற்றிச் சேர் பொன்னம்பலம் அருணாசலம் விரிவாக எழுதினார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பணிக்குத் தலைமை தாங்கிய ஆனந்த குமாரசுவாமி, கனிமத்தை விட்டுக் கலையை நாடி, 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலையும், 1914இல் கொழும்பு நூதனசாலையின் வெண்கலப் படிமங்கள் பற்றிய நூலையும் வெளியிட்டார். சிவநடனம் பற்றிய அவரது கட்டுரை 1918இல் நியூயோர்க்கில் வெளிவந்த தொகுதிக்குத் தலைப்பாயிற்று. பிரெஞ்சுச் சிற்பி ரொடின் திருவாலங்காட்டு நடராசரின் ஒளிப்படங்களைக் கண்டு வியந்தெழுதிய குறிப்பு 1921இல் அச்சேறியது.

குமாரசுவாமியின் நோக்கம் தேசியம் சார்ந்தது. கைத்தொழிலை அழித்த குடியேற்றவாதத்திற்கு எதிராக எழுந்த குரல் அவருடையது. தமது சேகரிப்பை இந்தியாவில் ஒரு தேசிய நூதனசாலைக்கு அடித்தளமாக வழங்க அவர் விரும்பியதும் பதிவாகியுள்ளது. அவ்விருப்பம் ஈடேறவில்லை. 1917இல் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையின் அறங்காவலரும் பெருஞ் சேகரிப்பாளருமான டென்மன் ரொஸ் அச்சேகரிப்பை விலைக்கு வாங்கி அந்நூதனசாலைக்கு வழங்கினார்; குமாரசுவாமியும் அங்கு இந்தியப் பிரிவின் காப்பாளரானார். அறிஞர், சேகரிப்பாளர், கொடையாளர், நூதனசாலை என்னும் நால்வகை நிலைகளும் ஒரே உடன்பாட்டில் இணைந்தமைக்கு இது தெளிவான சான்று. இதிற் களவோ சூழ்ச்சியோ இல்லை. ஆனால் பின்னர் வந்தோருக்கு ஒரு பாதை இதனால் வகுக்கப்பட்டது. ஒரு பொருளை ‘உலகப் பெருங்கலை’ என நிறுவும் அறிவுழைப்பு, அறிஞரின் விருப்புக்கு அப்பால், அப்பொருளின் சந்தைப் பெறுமானத்தையும் உற்பத்தி செய்துவிடுகிறது. குடியேற்றவாத இழிவுக்கு விடையாக எழுந்த விளக்கமே வணிகரின் விலைப்பட்டியலுக்கு முன்னுரையாயிற்று என்பது வரலாற்றின் முரண்நகை.

பொஸ்ரன் உடன்பாடு நிகழ்ந்த அதே 1917ஆம் ஆண்டில், அறக்கொடைகளை வருமான வரியிலிருந்து கழித்துக்கொள்ளும் ஏற்பாடு அமெரிக்கச் சட்டத்தில் இடம்பெற்றது. இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தமை தற்செயலே. எனினும் அடுத்த அரை நூற்றாண்டின் கலைச் சந்தையை விளங்கிக்கொள்ள இவ்வேற்பாடு இன்றியமையாதது. குறைந்த விலைக்கு வாங்கி, காலம் கடந்து விலை உயர்ந்த பின் நூதனசாலைக்கு வழங்கும் ஒருவர், வாங்கிய விலைக்கன்றி உயர்ந்த சந்தை விலைக்கே வரிக்கழிவு கோரும் வாய்ப்பைப் பெற்றார். வள்ளன்மைக்கும் கணக்கேட்டிற்கும் இடையே இவ்வாறு ஒரு பாலம் அமைந்தது.

4. சிவபுரம்: கைமாற்றங்களின் வரலாறு

1951இல் சிவபுரத்தில் உழவர் ஒருவரின் நிலத்தில் ஆறு படிமங்கள் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்று பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த நடராசர். 1878ஆம் ஆண்டின் புதையற் சட்டப்படி அரசு அவற்றைப் பொறுப்பேற்றுப் பின்னர் அவ்வூர்ச் சிவகுருநாதசுவாமி ஆலயத்திற்கு வழங்கியது. 1954இல் ஆலய நிர்வாகம் பழுதுபார்ப்பதற்கென அவற்றைக் கும்பகோணத்து ஸ்தபதி ஒருவரிடம் ஒப்படைத்தது. சில ஆண்டுகளின் பின் ஆலயத்திற்குத் திரும்பியவை மூலப் படிமங்களல்ல. புதிதாய் வார்த்த நகல்கள். இடைத்தரகர் வழியாக மூல நடராசர் பம்பாய் சென்று, தனியார் சேகரிப்புக்களிற் பத்தாண்டுக்கு மேல் இருந்தது.

ஊரார் நகலை வழிபட்டனர். அவர்களுக்கு ஐயம் எழவில்லை. ஐயத்தை முதலில் வெளியிட்டவர் பிரித்தானிய நூதனசாலையின் அறிஞர் டக்ளஸ் பறற். முற்காலச் சோழர் வெண்கலங்கள் பற்றி 1965இல் வெளிவந்த அவரது நூல், ஆலயத்தில் இருப்பது மூலப் படிமமன்று என்பதை அறிஞருலகிற்கு அறிவித்தது. பொலிஸ் விசாரணை அதன் பின்னரே தொடங்கியது. ஆனால் படிமம் அதற்குள் உள்நாட்டிற் பாதுகாக்கப்படவில்லை. 1960களின் முடிவில் அது அமெரிக்காவை அடைந்திருந்தது.

இக்கட்டத்திலேயே பென் ஹெல்லர் என்னும் வணிகர் அரங்கிற்கு வருகிறார். நியூயோர்க்கில் ஆடைத் துணி உற்பத்தியில் ஈடுபட்டுப் பொருளீட்டிய அவர், போருக்குப் பிந்திய அமெரிக்க அரூப ஓவியங்களை அவை மலிவாயிருந்த காலத்திற் சேகரித்துப் பின்னர் வணிகராக மாறியவர். ஜக்சன் பொலொக்கின் ‘நீலக் கம்பங்கள்’ ஓவியத்தை 1973இல் அவுஸ்திரேலிய தேசிய கலைக்கூடத்திற்கு 13 இலட்சம் அவுஸ்திரேலிய டொலருக்கு விற்றவரும் அவரே. சிவபுரம் நடராசரை அவர் விற்றதும் அக்காலப் பகுதியிலேயே. வாங்கியவர் நோட்டன் சைமனின் பெயரிலமைந்த நிதியம். விலை ஏறத்தாழ 9 இலட்சம் அமெரிக்க டொலர். சோழர் காலத் திருமேனியும் நியூயோர்க்கின் நவீன ஓவியமும் ஒரே வணிகரின் கையில் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டமை கவனத்திற்குரியது. பண்டத்தின் உலகில் எல்லாப் பண்புகளும் தொகைகளாகக் கரைந்துவிடும் என்று மார்க்ஸ் விளக்கிய நிகழ்முறைக்கு இதனினும் தெளிவான உதாரணம் அரிது.

நோட்டன் சைமன் (1907–1993) பழச்சாறும் தக்காளியும் தகரத்தில் அடைக்கும் தொழிலிலிருந்து தொடங்கிப் பெருங் கூட்டுத்தாபனமொன்றை எழுப்பியவர். 1970களின் தொடக்கத்தில் ஆசியக் கலையில் அவர் நாட்டம் திரும்பியது. 1974இல் நிதிநெருக்கடியில் இருந்த பசடீனா கலை நூதனசாலையைப் பொறுப்பேற்றார். அது அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. தனியார் சேகரிப்பாளர் பொது நூதனசாலையின் கொடையாளராக உயர்ந்த நிலை இது. படிமம் கடத்திவரப்பட்டதே என்றும், குறுகிய காலத்தில் ஒன்றரைக் கோடி டொலருக்கு மேல் ஆசியக் கலைக்குச் செலவிட்டதாகவும், அவற்றுட் பெரும்பாலானவை அவ்வாறே வந்தவை என்றும் அவர் ஒளிவுமறைவின்றிக் கூறியதாக 1973இல் அமெரிக்கப் பத்திரிகையிற் செய்தி வெளிவந்தது. பின்னர் அவர் அதனை மறுத்தார். ஆயினும் அக்கூற்றில் தொனித்த அலட்சியம் ஒரு தனிமனிதரின் குணவியல்பு மாத்திரமன்று. வாங்குபவன் நாட்டிற் களவாகக் கருதப்படாத ஒன்றை விற்பவன் நாட்டுச் சட்டம் கட்டுப்படுத்தாது என்ற, அக்காலச் சந்தையின் பொதுவான நம்பிக்கை அது.

சைமனின் ஆசியக் கலைப் பொருள்களைக் காட்சிப்படுத்த நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலை வகுத்த திட்டம் இந்தியாவின் எதிர்ப்பினாற் கைவிடப்பட்டது. 1974இல் இந்திய அரசு வழக்குத் தொடர்ந்தது. பராமரிப்புக்கென இலண்டனுக்கு அனுப்பப்பட்டிருந்த படிமத்தை அங்குள்ள பொலிசார் தடுத்து வைத்தனர். வழக்குத் தீர்ப்புவரை செல்லவில்லை. 1976இல் எட்டப்பட்ட உடன்பாட்டின்படி படிமத்தின் உரிமை இந்தியாவினது என்பதைச் சைமன் நிதியம் ஏற்றது. ஆனால் பத்தாண்டு காலம் அதனைக் காட்சிக்கு வைத்திருக்கும் உரிமையைப் பெற்றது. அத்துடன் ஓராண்டு காலத்திற்கு இந்தியாவுக்கு வெளியே இந்தியக் கலைப்பொருள்களை வழக்கச்சமின்றி வாங்கும் சலுகையும் அதற்குக் கிடைத்தது. 1986இல் படிமம் இந்தியா திரும்பியது. வெற்றி எனக் கொண்டாடப்பட்ட இவ்வுடன்பாடு, ஒரு பொருளை மீட்பதற்குச் சந்தையின் பிற கதவுகளை ஓராண்டுக்குத் திறந்து விட்டது என்பதையும் சேர்த்தே வரலாறு மதிப்பிடவேண்டும்.

5. மூலமும் நகலும்

இவ்வரலாறு எழுப்பும் கோட்பாட்டுப் பிரச்சினை ஒன்றுண்டு. சிவபுரத்து அடியார்கள் நகலை வழிபட்ட ஆண்டுகளில் அவர்களது வழிபாடு எவ்வகையிலும் தடைப்படவில்லை. முறைப்படி எழுந்தருளுவிக்கப்பட்ட படிமம் யாதாயினும் அது தெய்வமே. வழிபாட்டின் பயன்பெறுமானத்திற்குப் பத்தாம் நூற்றாண்டும் இருபதாம் நூற்றாண்டும் ஒன்றுதான். ‘மூலம்’ என்னும் கருத்து பரிமாற்றப் பெறுமானத்திற்கே இன்றியமையாதது. 9 இலட்சம் டொலர் கொடுப்பவன் நகலை ஏற்கான். வால்டர் பெஞ்சமின் வழிபாட்டுப் பெறுமானம், காட்சிப் பெறுமானம் என இரண்டை வேறுபடுத்தினார். சிவபுரம் நிகழ்ச்சி இவற்றோடு மூன்றாவதொன்றையும் காட்டுகிறது. காட்சிப் பெறுமானம் தனித்து இயங்குவதில்லை. அதனைப் பரிமாற்றப் பெறுமானமே நகர்த்துகிறது.

அவ்வாறாயின் மூலப் படிமத்தை இழந்தமையால் மக்களுக்கு நேர்ந்த இழப்புத்தான் யாது என ஒருவர் வினவலாம். இழந்தது வரலாற்றுச் சான்று. உழவரின் நெல்லும் கம்மாளரின் கையும் ஒன்றுகூடி ஆக்கிய பொருள் அது; அதனை ஆக்கிய சமூகத்தின் வழித்தோன்றல்கள் தம் கடந்த காலத்தை அறிவதற்கான ஆவணம் அது. நூதனசாலையின் பெயர்ச்சீட்டில் நாட்டின் பெயர், நூற்றாண்டு, கொடையாளரின் பெயர் என்பன இடம்பெறும். ஊரின் பெயர் இடம்பெற்றால் உண்மை வெளிப்பட்டுவிடும் என்பதனால் வணிகர் முதலில் அழிப்பது அதனையே. ஊரற்ற படிமம் வரலாறற்ற படிமம். பண்ட மாயை என்பது இங்கு உருவகமாக அன்றி நேர்ப்பொருளிலேயே நிகழ்கிறது: உழைத்தவனும் ஊரும் மறைய, பொருள் தானாகவே ஒளிவிடுவதுபோற் காட்சியளிக்கிறது.

6. பிற்கால நிகழ்ச்சிகள் இரண்டு

சிவபுரத்தின் படிப்பினைகளை அடுத்த நிகழ்ச்சிகள் விரிவுபடுத்தின. 1976இல் தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில், சிதைந்த சிவாலயத்தின் அருகே, கூலித்தொழிலாளி ஒருவரின் மண்வெட்டியில் ஒரு நடராசர் தட்டுப்பட்டது. 1982இல் இலண்டன் வணிகர் ஒருவர் பொய்யான வரலாற்றைக் காட்டி, அதனைக் கனடாவின் பம்பர் நிறுவனத்திற்கு இரண்டரை இலட்சம் பவுணுக்கு விற்றார். அதே ஆண்டு இலண்டன் பொலிசார் அதனைக் கைப்பற்றினர். தொடர்ந்த வழக்கில் ஆலயமே ஒரு சட்டத் தரப்பாக ஏற்கப்பட்டது. 1988இல் இலண்டன் உயர் நீதிமன்றமும் 1991இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் ஆலயத்தின் உரிமையை உறுதிசெய்தன. வழிபாடற்றுச் சிதைந்த கோயிலுக்கும் உரிமை உண்டு என்பதே அத்தீர்ப்பின் உட்பொருள்.

இரண்டாவது நிகழ்ச்சி அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தானில் நடந்தது. பூசை நின்று பூட்டிக் கிடந்த ஆலயத்திலிருந்து திருடப்பட்ட நடராசரை, நியூயோர்க் வணிகர் சுபாஷ் கபூரிடமிருந்து 2008இல் அவுஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 50 இலட்சம் அமெரிக்க டொலருக்கு வாங்கியது. முப்பத்தைந்து ஆண்டுகளின் முன் ஹெல்லரிடமிருந்து ‘நீலக் கம்பங்கள்’ வாங்கிய அதே நிறுவனம் அது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஒளிப்படச் சேகரத்தில் அப்படிமம் ஆலயத்தில் இருந்தபோது எடுத்த படம் கிடைத்தமையால் உண்மை வெளியாயிற்று. 2011இற் கைதான கபூருக்கு, உடையார்பாளையம் ஆலயத் திருட்டு வழக்கில், 2022இற் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. படிமம் 2014இல் நாடு திரும்பியது.

மூன்று நிகழ்ச்சிகளையும் ஒப்புநோக்கின் ஓர் ஒழுங்கு தெரியவரும். சிவபுரத்தில் நிர்வாகத்தின் கவனமின்மை. பத்தூரில் ஊர் கைவிட்ட ஆலயம். ஸ்ரீபுரந்தானில் பூட்டிய கதவு. சமூகம் விலகிய இடத்திற்கே வணிகம் வந்து சேர்ந்தது. மீட்பைச் சாத்தியமாக்கியவை அறிஞரின் நூல், மண்ணின் சான்று, ஒளிப்படம் ஆகிய அறிவுச் சாதனங்கள்.

7. வன்னிக்கு இதனாற் பெறப்படுவது

வன்னி குளங்களின் நாடு. கைவிடப்பட்ட குளங்களும், அவற்றை அண்டிய அழிபாடுகளும், காட்டினுட் கிடக்கும் கருங்கற் தூண்களும் இங்கு புதியனவல்ல. 1895இல் வெளிவந்த ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டக் கைந்நூல் அன்றே அவற்றுட் பலவற்றைப் பதிவு செய்துள்ளது. குளம் திருத்தும்போதும் காடு வெட்டும்போதும் மண்வெட்டி பிடிப்பவன் உழவனே. சிவபுரத்திலும் பத்தூரிலும் முதலிற் கண்டவர்களும் அவ்வாறானவர்களே.

இங்கு நிலைமை மேலும் சிக்கலானது. 2008, 2009ஆம் ஆண்டுகளின் இறுதிப் போரிற் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் மக்கள் ஊரோடு பெயர்ந்தனர். ஆலயங்கள் ஆளின்றிக் கிடந்தன. எவ்வாலயத்தில் எவ்வெப் படிமங்கள் இருந்தன என்ற பட்டியல் கையில் இல்லாதவிடத்து, எவை காணாமற்போயின என்பதையும் சொல்லமுடியாது. பட்டியலில் இல்லாத பொருள் களவு போவதில்லை. அது வெறுமனே இல்லாமற் போகிறது.

சட்டம் இல்லாமலில்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் மண்ணுட் கிடக்கும் தொல்பொருள்களை அரசின் உடைமையாக்கியது. பண்பாட்டுச் சொத்துக்களின் சட்டவிரோதக் கடத்தலைத் தடுக்கும் 1970ஆம் ஆண்டின் யுனெஸ்கோ சாசனத்திலும் இலங்கை இணைந்துள்ளது. ஆனால் சட்டம் இயங்குவதற்குக் கண்டவன் சொல்லவேண்டும். குருந்தூர்மலை முதலிய இடங்கள் குறித்து அண்மை ஆண்டுகளில் எழுந்துள்ள முரண்பாடுகள், தொல்பொருள் என்ற சொல்லையே நிலம் பறிபோவதற்கான முன்னறிவிப்பாகக் கருதும் மனநிலையை உழவரிடையே உருவாக்கியுள்ளன. வயலில் ஒரு படிமம் கிடைத்ததென்று அறிவிப்பவன் வயலையே இழப்பேனோ என்று அஞ்சுவானாயின், அவன் மௌனம் சாதிப்பான். அம்மௌனத்தின் மறுமுனையில் தரகன் காத்திருக்கிறான். அரசின் மீதான அவநம்பிக்கையும் வணிகத்தின் இலாபமும் இவ்வாறு ஒன்றையொன்று போஷிக்கின்றன.

இதற்குப் பரிகாரம் பக்திப் பரவசமோ இனப் பெருமிதமோ அன்று. ஊர்தோறும் ஆலய நிர்வாகங்களும், கமக்கார அமைப்புக்களும், வவுனியாப் பல்கலைக்கழக மாணவரும் இணைந்து ஒவ்வொரு படிமத்தையும், தூணையும், கல்வெட்டையும் அளந்து, படமெடுத்து, கிடைத்த இடத்தைக் குறித்து வைத்தல் வேண்டும். அப்பதிவின் ஒரு படி ஊரிலும் ஒரு படி பல்கலைக்கழக நூலகத்திலும் இருத்தல் வேண்டும். எம்மதத்தைச் சேர்ந்தது, எம்மொழியிற் பொறிக்கப்பட்டது என்ற பாகுபாடின்றி இது செய்யப்படவேண்டும். ஒரு சாராரின் சான்றை மட்டும் பதிவு செய்வது வணிகன் ஊர்ப்பெயரை அழிப்பதற்கு ஒப்பான செயலாகும். கண்டெடுத்த உழவனின் நிலவுரிமைக்குப் பங்கம் நேராது என்ற உத்தரவாதத்தை அரசிடம் கோருவது இப்பணியின் பிரிக்கமுடியாத பகுதி.

டென்மன் ரொஸ், பென் ஹெல்லர், நோட்டன் சைமன் ஆகியோரின் பெயர்கள் நூதனசாலை ஆவணங்களில் நிலைத்துவிட்டன. மெழுகில் உருப்பிடித்தவன், நெல் அளந்தவன், மண்ணிலிருந்து மீண்டும் எடுத்தவன் ஆகியோரின் பெயர்களுக்கு அங்கு இடமில்லை. அவர்களின் வரலாற்றை எழுதத் தொடங்கும் ஏடு, வன்னியின் ஒவ்வோர் ஊரிலும் வைக்கப்படவேண்டிய அந்தப் பட்டியலேயாகும்.